சாரல் ஊரில் ஒரு நீச்சல் போட்டி

"மதினி, சாரல் பிடிச்சாச்சு. இந்த வருஷமாவது சாக்குச் சொல்லாம வந்து சேருங்க. உங்களுக்குன்னு ஒரு வேலையும் எடுத்து வச்சிருக்கேன்."

போன வருஷம் ஜூலையில் தென்காசியிலிருந்து என் நாத்தனார் இப்படிப் போன் செய்தபோது, வேலை என்றால் முறுக்குச் சுற்றுவதாக இருக்கும், இல்லை என்றால் வெள்ளையடிக்கச் சாமான் ஒதுக்குவதாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அவர் சாப்பாட்டுக்கு ஒரு வாரத்துக்கு வழி செய்து வைத்துவிட்டு, மதுரையில் செங்கோட்டை ரயிலில் ஏறினேன்.

ராஜபாளையம் தாண்டியதும் மேற்கே மலை கூடவே ஓடி வரும். கடையநல்லூர் வந்ததும் ஜன்னல் கம்பியில் கை வைத்தால் ஈரம். தென்காசியில் இறங்கினால் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பன்னீர் தெளித்தாற்போல ஒரு சாரல். பராக்கிரம பாண்டியன் கட்டிய காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் காற்று முந்தானையைப் பிடித்து இழுக்கிறது. நெடுங்காலம் சிதைந்து கிடந்த அந்தக் கோபுரம் 1990-ல்தான் மறுபடி எழும்பியது. 2019-ல் தென்காசி தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. ஆனால் காற்று மட்டும் நான் புதுப்பெண்ணாக வந்தபோது அடித்த அதே காற்று!

வீட்டுக்குள் நுழைந்தால் கூடம் முழுக்கத் துணித்துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு எண். மூலையில் ஸ்டாப் வாட்ச்சுகள், விசில்கள், நீளமான இரண்டு மூங்கில் கழிகள்.

"என்னடி இது, திருவிழாவா?"

"திருவிழாதான் மதினி. சனிக்கிழமை நம்ம பக்கத்துக் கான்வென்ட் பிள்ளைகளுக்கெல்லாம் நீச்சல் போட்டி. நான் பெற்றோர் கமிட்டியில இருக்கேன். உங்களுக்குத் தலை எண்ணுற வேலை."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

தண்ணீர் என்றால் பயம்

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, ஐப்பசி மழையில் நிறைந்த கண்மாயில் ஏழு வயதுத் தம்பி போய்விட்டான். துணி துவைக்கப் போன நாங்கள் ஐந்து பெண்கள் கரையில்தான் இருந்தோம். ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. கூப்பாடு போட்டு ஆண்கள் ஓடி வந்து எடுத்தபோது, வயிற்றுத் தண்ணீர் இறங்கட்டும் என்று அவனைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றினார்கள். அப்படிச் செய்யக் கூடாது என்று சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை.

அதோடு எங்கள் வீட்டில் தண்ணீர்ப் பேச்சே கிடையாது. என் பிள்ளைகள் இரண்டும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். இரண்டுக்கும் கடப்பாரை நீச்சல்தான் தெரியும். போட்டால் நேரே அடியில் போய் நிற்கும். தண்ணீரில் இறக்காமல் வளர்த்ததைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை அன்று ராத்திரி சொன்னபோது நாத்தனார் மறுத்துப் பேசவில்லை. "அதுக்குத்தான் மதினி உங்களைக் கூப்பிட்டேன். பயம் இருக்கிறவங்கதான் கண்ணு அசராம எண்ணுவாங்க" என்றாள்.

எப்படி ஆரம்பித்தது?

தென்காசி, பாளையங்கோட்டை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1973-ல் மதுரை உயர் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்த மறைமாவட்டம் அது. அந்த வட்டாரத்தில் கன்னியர் நடத்தும் பள்ளிகள் நிறைய. எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஓட்டம், கோ-கோ, எறிபந்து எல்லாம் உண்டு. நீச்சல் மட்டும் கிடையாது. அருவிக்கரையில் குடியிருந்தும் வகுப்பில் பாதிப் பேருக்கு நீந்தத் தெரியவில்லை. பெண்பிள்ளைகளில் கேட்கவே வேண்டாம்.

என் நாத்தனார் மகள் படிக்கும் பள்ளியின் தலைமை சிஸ்டருக்கு இது மனசில் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. "அமெரிக்காவிலே சிகாகோ நகரத்திலே 1930-ல் பிஷப் ஷீல்னு ஒருத்தர் கத்தோலிக்க இளைஞர் அமைப்பு ஒண்ணை ஆரம்பிச்சார். தெருவிலே சுத்துற பையன்களை விளையாட்டுக்குக் கொண்டுவரணும்னு குத்துச்சண்டையிலே தொடங்கினாங்க. இன்னிக்கு அங்கே பல மறைமாவட்டங்களிலே அந்தப் பேரிலே பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் போட்டி நடக்குது. நாமளும் செய்தால் என்ன? போட்டின்னு ஒண்ணு வச்சாத்தான் பள்ளிக்கூடங்கள் நீச்சல் சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கும்" என்றார் எங்களிடம்.

பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 25 மீட்டர் நீளக் குளம் இருந்தது. ஏழு பள்ளிகள் சம்மதித்தன. ஒரே நிபந்தனை: போட்டிக்கு வருகிறவர்கள் மட்டும் அல்ல, அந்த வகுப்பில் வீட்டார் சம்மதிக்கும் அத்தனை பிள்ளைகளும் கோடை விடுமுறையில் பதினைந்து நாள் நீச்சல் பழக வேண்டும்.

முதல் முட்டுக்கட்டை உடை. "வயசுப் பிள்ளையை அப்படி எப்படி நிறுத்துறது?" என்று அம்மாமார்கள் கேட்டார்கள். முழங்கை, முழங்கால் வரை மூடிய நீச்சல் உடை வந்திருக்கிறதே! அதைக் காட்டியதும் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். மாதவிலக்கு நாட்களில் யாரும் காரணம் சொல்ல வேண்டாம், பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று சிஸ்டர் எழுதிக் கொடுத்ததும் மீதிப் பேரும் வந்தார்கள். வீசிங், வலிப்பு, காதில் சீழ் இருக்கிறதா என்று டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட சீட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு.

டைவிங் சண்டை

வெள்ளிக்கிழமை மத்தியானம் கமிட்டிக் கூட்டம். நானும் போய் உட்கார்ந்தேன். அங்கே ஒரு சின்னச் சண்டை.

அழைப்பிதழில் "நீச்சல் மற்றும் டைவிங் போட்டி" என்று அச்சடித்தாகிவிட்டது. கிணற்று மேட்டிலிருந்து கரணம் போட்டுக் குதித்துப் பழகிய பையன்கள் ஆவலோடு காத்திருக்கிறார்கள். பலகை செய்ய ஒரு தகப்பனார் பணமும் கொடுத்திருக்கிறார். நீச்சல் மாஸ்டர் மட்டும் முடியாது என்கிறார்.

அவர் மூங்கில் கழியை எடுத்துக் குளத்தின் ஆழமான மூலையில் ஊன்றிக் காட்டினார். ஆறடி. அடுத்த மூலையில் மூன்றரை அடி.

"ஒரு மீட்டர் உயரப் பலகையிலிருந்து தலைகீழாகக் குதிக்கிறதுக்கே 11 அடி ஆழம் வேணும்மா. மூணு மீட்டர் பலகைக்கு 12 அடி. பத்து மீட்டர் மேடைக்கு அதுக்கும் மேலே. சென்னையிலே 1995 தெற்காசியப் போட்டிக்காக வேளச்சேரியிலே கட்டினாங்களே, அந்த மாதிரிக் குளத்திலே டைவிங்குக்குன்னே தனிக் குளம் இருக்கு. இங்கே ஒரு பிள்ளை தலையைத் தரையிலே இடிச்சா கழுத்தெலும்பு போயிடும். அப்புறம் கை கால் விளங்காது. கோப்பையை யார்கிட்டே கொடுக்கிறது?"

"அழைப்பிதழில் போட்டாச்சே மாஸ்டர், பிள்ளைகள் ஏமாந்து போகுமே" என்றார் ஒருவர்.

சிஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏமாந்தால் சமாதானம் சொல்லிக்கலாம். டைவிங் கிடையாது. பலகைக்குத் தந்த பணத்தைக் கேட்டுக்கிட்டு உயிர்காப்பு வளையம் வாங்கிடலாம்" என்றார். அழைப்பிதழில் அந்த வார்த்தையை ஒவ்வொன்றாகப் பேனாவால் அடித்தோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது.

அதற்குப் பதிலாக மாஸ்டர் பையன்களை உட்கார வைத்து, டைவிங்கில் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்று விளக்கினார். ஐந்து நடுவர்கள் என்றால் அதிக மதிப்பெண் ஒன்றையும் குறைந்த மதிப்பெண் ஒன்றையும் தள்ளிவிடுவார்களாம். மீதி மூன்றையும் கூட்டி, அந்தக் கரணம் எவ்வளவு கஷ்டம் என்பதற்கு உள்ள எண்ணால் பெருக்குவார்களாம். வாய் பிளந்து கேட்டார்கள் பையன்கள்.

குற்றாலத்தில் ஒரு பாடம்

சாயங்காலம் தூரத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனோம். தென்காசியிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். வழியெல்லாம் ரம்புட்டான், மங்குஸ்தான் கூடைகள். சிப்ஸ் பொரிக்கும் எண்ணெய் மணம். தலையில் துண்டோடு ஈரம் சொட்ட நடக்கிற ஜனங்கள்.

பேரருவி எதிரே நிற்க வைத்து மாஸ்டர் மேலே காட்டினார். உச்சியிலிருந்து விழும் தண்ணீர் நேரே நம் தலைக்கு வருவதில்லை. நடுவழியில் பாறையில் ஆழமான பள்ளம் ஒன்று; பொங்குமாங்கடல் என்று பெயர். அதில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து, அப்புறம்தான் கீழே வருகிறது. மலையே நமக்காக ஒரு தடுப்பு வைத்திருக்கிறது! பாறை மேலே ஏறுவதும், தேங்கிய தண்ணீரில் குதிப்பதும் அந்தத் தடுப்பைத் தாண்டிப் போகிற மாதிரிதான் என்றார் மாஸ்டர்.

அப்புறம் 2024-ஆம் வருஷம் மே மாதம் பழைய குற்றாலத்தில் நடந்ததைச் சொன்னார். குளித்துக்கொண்டிருக்கும்போதே மலையில் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கியது. 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துக்கொண்டு போகப்பட்டு இறந்து போனான். "அந்த வெள்ளத்திலே எந்த நீச்சல்காரனும் நிற்க முடியாது. நீந்தத் தெரிஞ்சவனுக்கு, எப்போ தண்ணியிலே இறங்கக் கூடாதுன்னும் தெரியணும். தண்ணி கலங்கி வந்தா, இரைச்சல் கூடினா, போலீஸ்காரர் கையைக் காட்டினா, அந்த நிமிஷமே வெளியே வந்துடணும்."

அன்று பெண்கள் பக்கத்தில் எல்லாரும் அருவிக்குள் போனார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரத்திலேயே நின்றேன்.

நூற்றுப் பன்னிரண்டு தலைகள்

சனிக்கிழமை காலை ஏழு மணி. இதமான சாரல். சின்ன ஜெபத்தோடு ஆரம்பம். மொத்தம் 112 பிள்ளைகள். பத்து, பன்னிரண்டு, பதினாலு, பதினேழு வயதுக்குட்பட்டோர் என்று நாலு பிரிவு.

நாலு பாதை, பாதைக்கு மூன்று பேர் நேரம் குறிக்க. பன்னிரண்டு பேரும் அம்மாக்கள்! மூன்று வாட்ச்சில் நடுவில் உள்ள நேரத்தைத்தான் எழுத வேண்டும். ஒருவர் முந்தி அமுக்கினாலும், பிந்தி அமுக்கினாலும் பிள்ளைக்கு நஷ்டம் வராது. பந்தயம் எல்லாம் ஆழமான பக்கத்திலிருந்துதான் புறப்பாடு. தொடர் நீச்சலில் மறுகரையிலிருந்து புறப்படுகிறவர்கள் குதிக்காமல் தண்ணீரில் நின்றே கிளம்ப வேண்டும். நாலு மூலையிலும் உயிர்காப்பாளர்கள், கையில் கழி, வளையம். மூன்று விசில் தொடர்ந்து அடித்தால் எல்லாரும் கரையேற வேண்டும்.

ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் தலை எண்ணுவது என் வேலை. பள்ளிவாரியாக எண்ணி, நோட்டில் குறித்து, கூட்டிப் பார்க்க வேண்டும். 112. 112. 112. ஏலம் போடுகிறவன் மாதிரி வாய்விட்டு எண்ணினேன். நாத்தனார் மகள் போகிற போக்கில், "அத்தை, நீங்க விசில் அடிச்சா நல்லாவே இருக்காது" என்று கேலி செய்தாள்.

பதினோரு மணிக்கு எண்ணினேன். 111.

திரும்ப எண்ணினேன். 111. கண்மாய்க்கரை கண்முன்னே வந்துவிட்டது. தப்பாக எண்ணியிருந்தால் எல்லாரும் சிரிப்பார்களே என்று ஒரு நொடி தயங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பிறகு மூன்று விசில் அடித்தேன்.

நடந்துகொண்டிருந்த பந்தயம் நின்றது. பிள்ளைகள் கரையேறினார்கள். மாஸ்டர் குதித்துக் குளத்தின் அடியை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். எண் துணியைச் சரிபார்த்தோம். ஐம்பத்து மூன்று காணோம். நான் உடை மாற்றும் அறைக்கு ஓடினேன். கடைசிக் கதவுக்குப் பின்னால் பன்னிரண்டு வயதுப் பெண் ஒன்று முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. என்னவோ நோய் வந்து ரத்தம் போகிறது, செத்துப் போய்விடுவோம் என்று நினைத்துவிட்டது. வீட்டில் யாரும் அதற்கு எதுவும் சொல்லி வைக்கவில்லை.

அந்தக் குழந்தையை அணைத்துக்கொண்டு நானும் அழுதேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்ற சந்தோஷத்தில் அழுதேன். பின் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, இது நோய் இல்லை கண்ணு என்று விளக்கி, பையில் இருந்த நாப்கினைக் கொடுத்து, சூடாக ஒரு டம்ளர் பால் வாங்கிக் கொடுத்தேன். தொடர் நீச்சலில் அதன் இடத்தில் வேறு பெண் பெயர் எழுதப்பட்டது. யாரும் காரணம் கேட்கவில்லை.

பந்தயத்தை நிறுத்தியதற்காக மாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். "விசில் அடிக்காம இருந்திருந்தாத்தான் தப்பு. பந்தயத்தைத் திரும்ப நடத்திக்கலாம்மா" என்றார். திரும்ப நடத்தினார்கள்.

தோற்ற பிள்ளைகளுக்கு

பரிசு கொடுக்கிறபோது சிஸ்டர் இரண்டு பேரைப் பற்றிச் சொன்னார். குற்றாலத்து ஈசன் பெயரையே தன் பெயராகக் கொண்ட குற்றாலீஸ்வரன் என்ற தமிழ்நாட்டுச் சிறுவன், 1994-ல் ஒரே வருஷத்தில் ஆறு கடற்கால்களை நீந்திக் கடந்தான். 1966-ல் மிஹிர் சென் ஐந்து கடந்திருந்ததே அதுவரை சாதனை.

இன்னொருவர் கல்கத்தாவின் ஆரத்தி சாஹா. 1959 ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாயில் இறங்கி, முடிக்க முடியாமல் படகில் ஏறினார். அடுத்த மாதமே மறுபடி இறங்கிக் கடந்தார். இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர்தான். அதனால் இன்றைக்குப் பின்தங்கியவர்கள் அடுத்த மாதம் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றார். கடைசியாக வந்த ஒரு வாண்டுதான் எல்லாரையும்விட பலமாகக் கை தட்டியது!

என் நாத்தனார் மகளுக்கு மல்லாந்து நீந்துவதில் மூன்றாவது இடம். மத்தியானம் தயிர்சாதமும் மாவடுவும் சாப்பிட்டு, 112 பேரும் அவரவர் பஸ்ஸில் ஏறினார்கள். கடைசி பஸ் கிளம்பும்வரை எண்ணினேன். எனக்கு அதுதான் கோப்பை.

சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்

ஐக்கிய நாடுகள் சபை 2021-ல் ஜூலை 25-ஆம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. நம் சாரல் காலத்திலேயே வருகிறது பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்க மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் கிட்டத்தட்டக் கால்வாசி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அதனால் அங்கே கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

தவழும் குழந்தை உள்ள வீட்டில் வாளியில் தண்ணீர் நிறைத்து வைக்காதீர்கள். அரை வாளியே போதும், ஆபத்துக்கு. தரைத்தொட்டி மூடியைப் பூட்டுங்கள்.

ஆறு வயதுக்கு மேல் பிள்ளைக்கு நீச்சல் பழக்குங்கள், முக்கியமாகப் பெண்பிள்ளைக்கு. பெரியவர் ஒருவர் செல்போனைப் பார்க்காமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டோ குளத்தில் இறங்க வேண்டாம். ஒரு வாழைப்பழம் போதும். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் குளித்து, காதின் வெளிப்புறத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள், குச்சி விடாதீர்கள்.

யாராவது மூழ்கினால், நீந்தத் தெரியாமல் நாமும் குதிக்கக் கூடாது. கழியோ, கயிறோ, சேலையோ, மூடிய காலிப் பிளாஸ்டிக் குடமோ வீச வேண்டும். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சு இல்லை என்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பை அழுத்த வேண்டும். கூட இருப்பவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். இதைப் படித்தால் வராது. செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் முதலுதவி சொல்லித் தருகின்றன. ஒருநாள் போய்ப் பழகி வாருங்கள்.

பெண்பிள்ளைக்குப் பத்து வயதானதும் மாதவிலக்கைப் பற்றிச் சொல்லி வையுங்கள். ஒரு குழந்தையும் கதவுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து அழ வேண்டாம்.

ஞாயிறு விடியற்காலை ஐந்தருவிக்குப் போனோம். கூட்டம் இல்லை. தண்ணீரும் அளவாகவே விழுந்தது. நாத்தனார் ஒரு கையையும் அவள் மகள் ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, கம்பியை விட்டுவிட்டு உள்ளே போனேன். தலையில் விழுந்த தண்ணீரில் மூச்சு முட்டியது. தம்பியை நினைத்துக்கொண்டேன். வெளியே வர மனசில்லை.

மதுரைக்கு வந்ததும் பெண்களுக்கான காலை நீச்சல் வகுப்பில் பெயர் கொடுத்தேன். எனக்கு வயது நாற்பத்தாறு. கூடப் படிப்பவர்கள் எல்லாம் என் மகள் வயது. முதல் மாதம் படியை விட்டு நகரவில்லை. இப்போது நடுவில் நிற்காமல் பத்து மீட்டர் போகிறேன். போன வாரம் நாத்தனாருக்குப் போன் செய்து சொன்னேன்:

"அடுத்த போட்டிக்கும் நான்தான் தலை எண்ணுவேன். ஆனா இந்தத் தடவை தேவைன்னா இறங்கியும் எடுப்பேன்னு உங்க மாஸ்டர்கிட்டே சொல்லிவை!"